கோர்பியின் அடலார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய பிரான்சையும் ஜெர்மனியையும் உள்ளடக்கிய பிராங்கியப் பேரரசை ஆண்ட சார்லமேன் காலத்து ஐரோப்பாவைப் பற்றிப் படிக்கப் புகுந்தால், அடலார்டு என்ற பெயர் எங்காவது ஒரு மூலையில் தட்டுப்படும். பியரின் வரலாற்றில் வரும். போப்பிடம் போன தூதுக்குழுவில் வரும். ஜெர்மனியில் உள்ள கோர்வை மடத்தின் கதையில் வரும். இதெல்லாம் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் எழுவது இயல்பு. ஒரே ஆள்தான்.

அடலார்டு யார்?

பிராங்கிய அரச குடும்பத்தில் சுமார் 751இல் பிறந்தவர். இருபது வயதில் அரண்மனையை உதறிவிட்டு, இன்றைய வட பிரான்சில் அமியேன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கோர்பி மடத்தில் துறவியானார். அப்புறம் அதே மடத்துக்குத் தலைவரானார். அரண்மனை அவரைத் திரும்ப அழைத்தது, பிறகு துரத்தியது, மறுபடியும் அழைத்தது. 826 ஜனவரி 2ஆம் தேதி கோர்பியிலேயே இறந்தார். 827 என்று போட்டிருக்கும் பழைய நூல்களும் உண்டு.

சார்லமேனுக்கு என்ன உறவு?

சித்தப்பா மகன். இருவருக்கும் தாத்தா ஒருவரே: சார்லஸ் மார்ட்டல். அவருடைய மகன் பிப்பின் அரசரானார். பிப்பினின் மகன் சார்லமேன். இன்னொரு மகன் பெர்னார்ட், முறையான திருமணத்தில் பிறக்காதவர். அந்த பெர்னார்டின் மகன்தான் அடலார்டு. ரத்தம் ஒன்றுதான், ஆனால் அரியணைக்கு உரிமை இல்லாத கிளை. அரசருக்கு இப்படிப்பட்ட உறவினர்கள் ரொம்பவும் பயன்படுவார்கள். அதே அளவுக்குச் சந்தேகத்துக்கும் ஆளாவார்கள். அடலார்டுக்கு இரண்டும் நடந்தது.

அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை ஏன் துறவியானார்?

ஒரு கல்யாணம் முறிந்ததால். அதுவும் அவருடைய கல்யாணம் அல்ல, அண்ணனுடையது.

770இல் சார்லமேனின் தாய் பெர்த்ராதா, வட இத்தாலியை ஆண்டுவந்த லொம்பார்டு அரசர் தேசிதேரியுஸின் மகளை மருமகளாகக் கொண்டுவந்தார். அது அரசியல் சம்பந்தம். சம்பந்தம் பேசும்போது பிராங்கியப் பிரபுக்கள் சிலரும் சத்தியம் செய்து உறுதி கொடுத்திருந்தார்கள். ஓராண்டுதான் ஆனது. சார்லமேன் அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஹில்டகார்டை மணந்துகொண்டார். காரணம் யாருக்கும் தெரியவில்லை; சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டே தெரியாது என்றுதான் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்கு உறுதியாகக் கிடைக்கவில்லை.

அடலார்டின் வாழ்க்கையை எழுதிய பஸ்காசியுஸ் ராத்பெர்த்துஸ் சொல்வது இது: குற்றமே செய்யாத மனைவியை அரசர் தள்ளிவைத்தார். அதனால் சத்தியம் செய்து கொடுத்தவர்கள் எல்லாரும் பொய்ச் சத்தியக்காரர்கள் ஆனார்கள். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது வந்த அடுத்தவரை அரசியாக ஏற்று ஊழியம் செய்ய அடலார்டுக்கு மனம் ஒப்பவில்லை. சுமார் 772இல் கிளம்பிப் போய்விட்டார்.

773இல் சார்லமேன் லொம்பார்டு நாட்டின்மீது படையெடுத்தபோது, ஆல்ப்ஸ் மலையின் ஒரு கணவாய் வழியாக ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்றவர் அடலார்டின் அப்பா பெர்னார்ட். பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று மகன் மடத்தில் இருக்கிறார். அப்பா அந்தப் பெண்ணின் அப்பாவைப் பிடிக்கப் போகிறார். தோற்றுப்போன தேசிதேரியுஸ் கடைசியில் கோர்பி மடத்துக்கே அனுப்பப்பட்டார் என்று ஒரு வழக்கும் உண்டு. அது உண்மையானால், அந்த மடத்து முற்றத்தில் இருவரும் எதிரெதிரே வரும்போது என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மடத்தில் தோட்ட வேலை செய்தார் என்பது உண்மையா?

பஸ்காசியுஸ் அப்படித்தான் சொல்கிறார். புதிதாக வந்தவரை, அரச குடும்பம் என்றும் பார்க்காமல், தோட்டத்தில் விட்டார்கள். துறவிகளின் கதைகளில் இது வழக்கமாக வரும் காட்சி, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அவர் எழுதிய மடத்து விதிகளில் தோட்டத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது: தோட்டக்காரர்களுக்கு என்னென்ன கருவிகள் கொடுக்க வேண்டும், யார் வந்து உதவ வேண்டும் என்பது வரைக்கும். மண்வெட்டி பிடித்தவர் எழுதிய மாதிரிதான் இருக்கிறது.

பிறகு ஏன் இத்தாலிக்கு ஓடினார்?

கோர்பி அரண்மனைக்குப் பக்கம். உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இது சரிப்படாது என்று, புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோன்தே கசினோ மடத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் விடவில்லை, திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். சுமார் 780இல் கோர்பியின் மடாதிபதி ஆனார்.

கோர்பி எப்படிப்பட்ட மடம்?

657க்கும் 661க்கும் இடையில் அரசி பால்தில்து நிறுவியது. இந்த அரசி இங்கிலாந்திலிருந்து அடிமையாக வந்தவர். முதல் துறவிகள் லுக்சேய் மடத்திலிருந்து வந்தார்கள். சோம் நதிக்கரையில் பெரிய நிலபுலத்தோடு, அரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட மடம் அது.

நூல்களைக் கையால் பிரதி எடுக்கும் அதன் எழுத்துக்கூடம் இன்னும் முக்கியமானது. அடலார்டுக்கு முன்பு மடாதிபதியாக இருந்த மோர்த்ராம் காலத்தில் எழுதிய விவிலியப் பிரதி, கரோலிங்கியச் சிற்றெழுத்து (சார்லமேன் குடும்பத்தின் ஆட்சியில் பரவிய சின்ன எழுத்து) வடிவத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இன்று ஐரோப்பிய மொழிகளை அச்சடிக்கும் சின்ன எழுத்துகளின் பூர்வீகம் அந்த வடிவம்தான்.

துறவி எப்படி இத்தாலியில் ஆட்சி நடத்தினார்?

781இல் சார்லமேன் தன் மகன் பிப்பினை இத்தாலிக்கு அரசனாக்கினார். பையனுக்கு அப்போது நாலு வயது. வேறு யாராவது பொறுப்பாக நின்று நடத்த வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்களில் அடலார்டு முக்கியமானவர். 810இல் பிப்பின் இறந்த பிறகு, பிப்பினின் மகன் பெர்னார்ட் அரசனானான் (இவன் அடலார்டின் அப்பா அல்ல, இந்தக் குடும்பத்தில் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்கும்). அவனுக்கும் காவலாக நின்றவர் அடலார்டுதான். தெற்கே பெனவெந்தோ பிரபுவோடு சமாதானம் ஏற்படுத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மடத்தில் இருந்துகொண்டே இதெல்லாம் செய்யலாமா என்று இன்றைக்குக் கேட்போம். அன்றைக்கு அந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, பிள்ளைகுட்டி இல்லாத, சொத்தை யாருக்கும் சேர்த்துவைக்க வேண்டியிராத ஒருவர் அரசருக்குக் கிடைப்பது அரிது. சத்தியத்தை மீறியதற்காக அரசரையே விட்டுப் போனவர் என்ற பெயர் வேறு. அப்படிப்பட்டவரைத்தான் நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று சார்லமேனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் மூன்று மொழிகளில் வல்லவர் என்பது பிற்கால வரலாறு ஒன்று சொல்லும் தகவல். மக்கள் பேசிய ரோமானிய மொழியில் பேசினால் வேறு மொழியே தெரியாதவர் போல இருக்குமாம். ஜெர்மானிய மொழியிலும் லத்தீனிலும் அப்படியேதானாம்.

போப்பிடம் எதற்காகப் போனார்?

809இல் ஆகன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், வோர்ம்ஸ் ஆயரோடு அவரையும் போப் மூன்றாம் லியோவிடம் அனுப்பியது. விஷயம் விசுவாச அறிக்கையில் (கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்லும் வாசகத்தில்) ஒரு சொல்: தூய ஆவியார் தந்தையிடமிருந்து புறப்படுகிறாரா, ‘மகனிடமிருந்தும்’ புறப்படுகிறாரா? பிராங்கியர்கள் அந்தச் சொல்லைச் சேர்த்தே பாடிவந்தார்கள். கோட்பாடு சரி, ஆனால் அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று லியோ சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், அந்தச் சொல் இல்லாத அறிக்கையை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். தூது தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

814இல் ஏன் நாடுகடத்தினார்கள்?

அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி சார்லமேன் இறந்தார். அவருடைய மகன் பக்திமான் லூயி அரியணை ஏறியதும் அப்பாவின் ஆட்களை அரண்மனையிலிருந்து துடைத்தெடுத்தார். அடலார்டின் குடும்பம் மொத்தமாக மாட்டிக்கொண்டது. அடலார்டை லுவார் முகத்துவாரத்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கில் உள்ள நுவார்முத்தியே தீவுக்கு அனுப்பினார்கள். சார்லமேனின் கடைசிக் காலத்தில் பிரபுக்களில் முதல் வரிசையில் இருந்த தம்பி வாலாவுக்கு மொட்டையடித்து, கோர்பியில் துறவியாக்கினார்கள். இன்னொரு தம்பி பெர்னாரியுஸ் லேரன்ஸ் தீவு மடத்துக்குப் போனார். அரண்மனையில் வாழ்ந்துவந்த தங்கை குந்த்ராதா (அறிஞர் அல்குயின் ஆன்மாவைப் பற்றிய தன் நூலை இவருக்குத்தான் எழுதினார்) புவாத்தியே மடத்துக்கு. சுவாசோனில் கன்னியர் மடத்துத் தலைவியாக ஏற்கெனவே இருந்த தியோத்ராதாவை மட்டும் அசைக்கவில்லை.

குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை என்பது பஸ்காசியுஸின் ஆதங்கம். என் கணிப்பில் காரணம் எளிது: அடலார்டு இத்தாலியில் பெர்னார்டின் பக்கம் நின்றவர். லூயிக்கு அண்ணன் மகன் பெர்னார்ட் ஒரு போட்டி.

அந்த ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது?

லூயியின் பயம் பெர்னார்டைக் கொன்றது. 817இல் லூயி பேரரசைத் தன் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார், அதில் பெர்னார்டுக்கு இடமே இல்லை. அவன் கலகம் செய்தான், பிடிபட்டான். 818இல் கண்களைப் பிடுங்கினார்கள். இரண்டு நாளில் செத்துப்போனான். தான் கைப்பிடித்து வளர்த்த பிள்ளை இப்படி முடிந்த செய்தி அடலார்டுக்குத் தீவில் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

எப்படித் திரும்பி வந்தார்?

லூயியின் நெருங்கிய ஆலோசகராக இருந்த அனியான் பெனடிக்ட் 821 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அடலார்டுக்கு அழைப்பு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தேதிகளைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

அடுத்த ஆண்டு, 822இல், அத்தின்யி என்ற இடத்தில் கூடிய பேரவையில் பேரரசர் எல்லார் முன்னிலையிலும் பாவ அறிக்கை செய்து பரிகாரம் ஏற்றார். பெர்னார்டுக்குச் செய்தது, கட்டாயப்படுத்தித் துறவியாக்கிய, வேறு தாய்களுக்குப் பிறந்த தன் தம்பிகளுக்குச் செய்தது, அடலார்டுக்கும் வாலாவுக்கும் செய்தது, எல்லாவற்றுக்கும். ஆட்சியில் இருக்கிற பேரரசர் இப்படிக் குனிந்தது பெரிய செய்தி. அவரைப் பலவீனர் என்று சொன்னவர்களும் உண்டு, உயர்ந்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தப் பேரவையில் எழுந்து பேசிய அடலார்டு, சார்லமேனின் அப்பா பிப்பின் காலம் முதல் இன்றுவரை பொதுநலனை இவ்வளவு நேர்மையாக ஆலோசித்துத் தான் பார்த்ததில்லை என்று சொன்னதாக லியோன் பேராயர் அகோபார்து எழுதியிருக்கிறார். ஏழு ஆண்டு தீவில் கிடந்தவர் பேச்சில் கசப்பு இல்லை. அல்லது அதை வெளியே காட்டவில்லை.

மடத்துக்கு அவர் எழுதிய விதிகளில் அப்படி என்ன இருக்கிறது?

திரும்பி வந்த சூட்டோடு, 822 ஜனவரியிலேயே அவர் எழுதவைத்தது இது. ஜபம், தவம் என்று எதிர்பார்த்துத் திறந்தால் ரொட்டிக் கணக்கு வரும். என்னைக் கேட்டால் அடலார்டின் முகம் நன்றாகத் தெரிவது இதில்தான்.

மடத்தை நம்பி எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணுகிறார். துறவிகள் தவிர, மடத்தில் படியளக்கப்படும் வேலைக்காரர்களே 150 பேர். எந்த வேலைக்கு எத்தனை பேர் என்று பட்டியல் போகிறது: கொல்லர் 6, பொற்கொல்லர் 2, செருப்புத் தைப்பவர் 3, எழுதும் தோல் பதப்படுத்துபவர் 1, மருத்துவர் 2. மாவு ஆலைகள், தானியம் அளக்கும் மரக்கால், பன்றிகள், தோட்டங்கள், பத்தில் ஒரு பங்கு வரி என்று ஒவ்வொன்றாக வருகிறது.

வாசலுக்கு வரும் ஏழைகளுக்கு உள்ள விதி இன்னும் நுணுக்கமானது. ஒரு நாளைக்கு 50 ரொட்டி. அதில் 45 கலப்புத் தானியம், ஒவ்வொன்றும் மூன்றரை பவுண்டு எடை. மீதி 5 நல்ல கோதுமை. இரவு தங்கும் 12 ஏழைகளுக்குத் தலைக்கு ஒரு முழு ரொட்டி, காலையில் புறப்படும்போது வழிக்கு அரை ரொட்டி. கோதுமை ரொட்டி நோயாளிகளுக்கும், பயணத்தில் வரும் குருமார்களுக்கும். இவ்வளவு கணக்குப் பார்த்தவர், பங்கிடுவதை விருந்தினர் பொறுப்பாளரின் விவேகத்துக்கே விட்டுவிடுகிறார். வருகிற கூட்டம் தினமும் ஒரே மாதிரி இருக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த அரை ரொட்டியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ராத்திரி சோறு போட்டு அனுப்புவது யாருக்கும் தோன்றும். மறுநாள் நடுவழியில் பசிக்குமே என்று நினைத்தவர் இவர்.

பியரில் ஹாப்ஸ் சேர்த்ததைக் கண்டுபிடித்தவர் இவரா?

இல்லை. அதே விதிகளில், ஆலைக்காரர்கள் மால்ட் (பியருக்காக முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) தயாரிப்பது, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் கொடியின் பூ) சேகரிப்பது போன்ற மடத்து வேலைகளைச் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு வரி வருகிறது. வாசல் பொறுப்பாளருக்கு வரும் பங்கிலும் மால்ட்டோடு ஹாப்ஸ் பேசப்படுகிறது. பியர் காய்ச்சுவதோடு ஹாப்ஸைச் சேர்த்துக் காட்டும் மிகப் பழைய எழுத்துச் சான்று என்று இதைப் பரவலாகச் சொல்வார்கள். போகிற போக்கில் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பழக்கம் அங்கே புதியதாகத் தெரியவில்லை.

அரண்மனை நிர்வாகம் பற்றி எழுதிய நூல் கிடைக்கிறதா?

அவர் எழுதியது அப்படியே கிடைக்கவில்லை. ஹிங்க்மார் வழியாகத்தான் கிடைக்கிறது. ரெய்ம்ஸ் பேராயராக இருந்த ஹிங்க்மார், 882இல், தன் கடைசி ஆண்டில், இளம் அரசர் கார்லோமானுக்காக அரண்மனை ஒழுங்கு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தான் இளைஞனாக இருந்தபோது அடலார்டைப் பார்த்ததாகவும், ஆலோசகர்களில் முதலானவர் அவர் என்றும், அவருடைய சிறு நூலைப் படித்துப் பிரதி எடுத்ததாகவும் அதில் சொல்கிறார். எது அடலார்டின் சொல், எது அறுபது ஆண்டு கழித்து ஹிங்க்மார் சேர்த்தது என்று பிரிப்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. சமயத் தலைவர்களின் அதிகாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் இடங்களில் ஹிங்க்மாரின் கை தெரிகிறது என்பது என் எண்ணம். அன்றாட நடைமுறை வரும் இடங்களில் ரொட்டிக் கணக்கு எழுதியவரின் குரல் கேட்கிறது.

நூல் சொல்லும் ஒழுங்கு இது: அரசியும் பொக்கிஷ அதிகாரியும் சேர்ந்து அரண்மனைச் செலவையும் படைவீரர்களுக்கான ஆண்டுப் பரிசுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசரின் தலையில் வீட்டுக் கவலை ஏறக் கூடாது. சமய வழக்குகள் அரண்மனைக் குருவிடம், மற்ற வழக்குகள் அரண்மனைப் பிரபுவிடம் முதலில் போக வேண்டும். அதிகாரிகளை ஒரே பகுதியிலிருந்து எடுக்கக் கூடாது. எந்த ஊர்க்காரன் முறையிட வந்தாலும், ‘நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கிறார்’ என்று துணிந்து வர வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு பேரவைகள். பெரியதில் அந்த ஆண்டுக்கான முடிவுகள். சிறியதில் மூத்த ஆலோசகர்கள் மட்டும் கூடி அடுத்த ஆண்டை யோசிப்பார்கள். அங்கே பேசியது வெளியே கசியக் கூடாது. அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது அரசர் வெளியே கூட்டத்தோடு இருப்பார். பரிசு வாங்கிக்கொள்வார், பெரியவர்களை விசாரிப்பார், இளைஞர்களோடு சிரித்துப் பேசுவார். இந்தக் காட்சியை எழுதியவர் அதை நேரில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கோர்வை மடத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நிறுவியவரே இவர்தான், தம்பி வாலாவோடு சேர்ந்து. தமிழ்க் காதுக்குக் கோர்வை என்பது பூக்கோர்வை மாதிரி ஒலிக்கும். உண்மையில் அது ‘புதிய கோர்பி’ என்ற லத்தீன் பெயர் ஜெர்மன் நாக்கில் தேய்ந்தது.

சார்லமேன் முப்பது ஆண்டுக்கு மேல் சண்டை போட்டு அடக்கிய சாக்சனி நாட்டில் ஒரு மடம் வேண்டும் என்பது பழைய திட்டம். அடலார்டு தீவில் இருந்தபோது, கோர்பியில் அவர் இடத்தில் இருந்த இன்னொரு அடலார்டு ஒரு முயற்சி செய்தார். தேர்ந்த இடம் தரிசு, துறவிகள் பட்டினி கிடந்தார்கள். 822இல் லூயி வேசர் நதிக்கரையில் ஹொக்ஸ்டர் பக்கம் நிலம் கொடுக்க, மடம் அங்கே இடம் மாறியது. வாலாவின் தாய் சாக்சன் இனத்தவர் என்பது அங்கே கைகொடுத்தது.

கிறிஸ்தவம் பரப்ப டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் போன அன்ஸ்கார் கோர்பியில் வளர்ந்து கோர்வையில் பள்ளி நடத்தியவர். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதுஸின் ஆண்டு வரலாற்றில் முதல் ஆறு பகுதிகள் இன்று நம் கையில் இருப்பதும், கோர்வையில் தப்பிக் கிடந்த ஒரே ஒரு பிரதியால்தான். 2014இல் யுனெஸ்கோ கோர்வையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடலார்டையும் வாலாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்களே?

இருவரும் அரச ரத்தம், இருவரும் கோர்பி மடாதிபதிகள், இருவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதியவர் ஒருவரே. குழப்பம் வரத்தான் செய்யும். குணத்தில் வேறு. அண்ணன் அடலார்டு, ஒரு விஷயம் பிடிக்காவிட்டால் ஒதுங்கிப் போகிறவர். 826இல் அண்ணனுக்குப் பின் மடாதிபதியான வாலா எதிர்த்து நிற்கிறவர். 830இல் லூயிக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, தண்டனை பெற்று, 836இல் இத்தாலியின் போபியோவில் இறந்தார்.

பஸ்காசியுஸ் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அவர் கோர்பியின் துறவி, அடலார்டின் சீடர், பிற்பாடு அதே மடத்துக்குத் தலைவர். சிறுவயதில் அவரை வளர்த்தவர்கள் தியோத்ராதாவின் மடத்துக் கன்னியர்கள். அந்தக் குடும்பத்தின் உப்பைத் தின்றவர் என்றே சொல்லலாம். அடலார்டுக்கு ‘அந்தோனியுஸ்’, வாலாவுக்கு ‘அர்செனியுஸ்’ என்று பழைய பாலைவனத் துறவிகளின் பெயரை வைத்து எழுதியவர். அதனால் புகழ்ச்சியில் பாதியைக் கழித்துவிடலாம். சம்பவங்களைக் கழிக்க வேண்டியதில்லை. நாடுகடத்தலும் அத்தின்யியும் அரசாங்கத்தின் ஆண்டுக் குறிப்புகளிலேயே தட்டுப்படுகின்றன.

புனிதராக வணங்கினார்களா?

அவருக்கு வணக்கம் 11ஆம் நூற்றாண்டில் பெருகியது. கோர்பித் துறவி ஜெரார்து, தீராத தலைவலி அடலார்டின் அருளால் குணமானது என்று நம்பி, நன்றியாக அவர் வரலாற்றைப் புதிதாக எழுதினார். ஜனவரி 2 அவருடைய திருநாள். படங்களில் அவர் கையில் மண்வெட்டியைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், அது அந்தப் பழைய தோட்டம்.